'கெட்' போடும் இடத்தில் வேறு என்ன போடலாம்?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் 'கெட்' என்ற வினைக்கு எத்தனை பொருள், இணையான சொற்கள் என்னென்ன, எதை எங்கே போடுவது? கேட்டவர் தான் அலுவலகத்தில் எழுதிய ஒரு மின்னஞ்சலையும் சேர்த்திருக்கிறார். 'ஐ காட் யுவர் மெயில். ஐ வில் கெட் தி சர்டிஃபிகேட் அண்ட் கெட் பேக் டு யூ.' இரண்டு வரியில் மூன்று 'கெட்'. மேலாளர் மூன்றையும் வட்டம் போட்டு, "வேறு சொல் போடுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

பள்ளியில் எனக்கும் இப்படி ஒரு ஆசிரியர் வாய்த்தார். நோட்டில் 'கெட்' கண்ணில் பட்டால் போதும், அடித்துவிட்டு மேலே 'ரிசீவ்' என்று எழுதுவார். அந்தப் பழக்கத்தில் ஒருமுறை விடுப்புக் கடிதத்தில் 'ஐ ரிசீவ்ட் ஃபீவர்' என்று எழுதிக் கொடுத்தேன். காய்ச்சலை யாரோ பதிவுத் தபாலில் அனுப்ப, நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட மாதிரி. ஒன்றுக்கு ஒன்று என்று இணைச்சொல்லை மாற்றப் போனால் இதுதான் நடக்கும்.

ஏனென்றால் 'கெட்'டுக்கு இணைச்சொல் என்று ஒன்று கிடையாது. இதுவரை இல்லாத நிலை இப்போது வந்துவிட்டது என்பதை மட்டும்தான் அந்தச் சொல் சொல்கிறது. பொருள் கைக்கு வந்தாலும், ஆள் ஊர் போய்ச் சேர்ந்தாலும், காபி ஆறிப்போனாலும், கணக்கு புரிந்தாலும் எல்லாம் 'கெட்'தான். எப்படி வந்தது, யார் முயற்சியால் வந்தது, தானாக வந்ததா, கேட்டு வந்ததா? அதெல்லாம் அதற்குத் தெரியாது. தமிழுக்குத் தெரியும். அதனால் நான் யாருக்கும் சொல்லும் வழி இது: எழுத நினைத்த வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் எந்த வினை வருகிறதோ, அதுதான் சரியான ஆங்கில இணைச்சொல்லுக்கு வழி காட்டும்.

முதலில் கைக்கு வரும் 'கெட்'டை எடுத்துக்கொள்வோம். 'ஐ காட் எ புக்' என்பதைத் தமிழில் சொல்ல இரண்டு வழி இருக்கிறது. 'நான் ஒரு புத்தகம் வாங்கினேன்', 'எனக்கு ஒரு புத்தகம் கிடைத்தது'. முதலாவதில் 'நான்' எழுவாய், என் காசு, என் செயல். இரண்டாவதில் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமை வந்துவிட்டது. புத்தகம்தான் எழுவாய், நான் சும்மா நிற்கிறேன், அது என்னிடம் வருகிறது. ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டது. வாங்கினேன் என்றால் 'பாட்', கொஞ்சம் அலுவல் தொனி வேண்டுமென்றால் 'பர்ச்சேஸ்ட்'. பழைய புத்தகக் கடையில் தேடாமல் கண்ணில் பட்டது என்றால் 'ஃபவுண்ட்' அல்லது 'கேம் அக்ராஸ்'. யாரோ அனுப்பி வந்து சேர்ந்தது என்றால் 'ரிசீவ்ட்'. 'ரிசீவ்' வருமிடத்தில் அனுப்பியவர் ஒருவர், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், பின்னால் இருப்பார். கடிதம், சம்பளம், பரிசு, புகார், எல்லாவற்றுக்கும் அனுப்புநர் உண்டு. காய்ச்சலுக்கு இல்லை.

இன்னொன்று, 'ரிசீவ்' வேறு, 'அக்ஸெப்ட்' வேறு. கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தால் 'ரிசீவ்ட்'. வருகிறோம் என்று ஒப்புக்கொண்டால்தான் 'அக்ஸெப்டட்'. ஒப்பந்தக் கடிதம், ராஜினாமா போன்ற விஷயங்களில் இரண்டையும் குழப்பினால் சங்கடம்.

'அப்டெயின்' என்றால் முறைப்படி முயன்று பெறுவது. மனுப் போட்டு, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, இன்று போய் நாளை வந்து கடைசியில் கையில் வரும் வருமானச் சான்றிதழ் இருக்கிறதே, அதற்கு அளவெடுத்துத் தைத்த சொல். அனுமதி, உரிமம், தகவல் எல்லாம் இந்த வகை. 'செக்யூர்' இதைவிட ஒரு படி மேலே. போட்டி இருக்கிறது, தவறியிருக்கவும் கூடும், ஆனாலும் உறுதி செய்துகொண்டோம் என்ற தொனி. மருத்துவக் கல்லூரி இடம், வங்கிக் கடன், ஒப்பந்தம்.

'ப்ரொக்யூர்' என்பதற்கு டெல்டா விவசாயிகளிடம் பொருள் கேட்டால் போதும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் பெயரில் 'கொள்முதல்' என்று இருப்பதுதான் ஆங்கிலத்தில் 'ப்ரொக்யூர்மெண்ட்'. நிறுவனமோ அரசோ, தேவைக்கு ஏற்பாடு செய்து, பெரிய அளவில் வாங்குவது. வீட்டுக்கு ஒரு கிலோ தக்காளி வாங்கிவிட்டு 'ஐ ப்ரொக்யூர்ட் டொமேட்டோஸ்' என்று எழுதினால் சிரிப்பார்கள். 'அக்வயர்' கைவசப்படுத்திச் சொந்தமாக்கிக்கொள்வது. நெடுஞ்சாலைக்காக நிலம் கையகப்படுத்துகிறார்கள் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்தக் 'கையகப்படுத்து'தான். ஒரு நிறுவனம் இன்னொன்றை விலைக்கு வாங்கினாலும் அதுவே. ஆனால் இதே சொல் மெல்ல மெல்லச் சேர்வதற்கும் வரும். ஒரு மொழி, ஒரு பழக்கம், ஒரு ருசி வந்து ஒட்டிக்கொள்வதும் 'அக்வயர்'.

'ஏர்ன்' என்றால் உழைப்புக்கோ தகுதிக்கோ கிடைப்பது. சம்பாதிப்பதும் மரியாதை தேடிக்கொள்வதும் அதில் அடங்கும். 'ஃபெட்ச்' போய் எடுத்துக்கொண்டு திரும்பி வருவது, 'ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டா' என்பது போல. சந்தையில் மாடு நல்ல விலைக்குப் போனது என்பதற்கும் 'ஃபெட்ச்' உண்டு.

இந்தச் சொற்களெல்லாம் ஏன் இவ்வளவு விறைப்பாக இருக்கின்றன, 'கெட்' மட்டும் ஏன் வீட்டு லுங்கி மாதிரி இருக்கிறது என்று தோன்றலாம். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைச் சூறையாடியதிலிருந்து, வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் இங்கிலாந்துக் கரைக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். பிறகு வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியே விட்டார்கள். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியின் 'கெட்டா'தான் ஆங்கிலத்தின் 'கெட்'. கூடவே 'டேக்', 'எக்', 'ஸ்கை', 'விண்டோ', 'தே' எல்லாம் அங்கிருந்து வந்தவை. அக்கம்பக்கத்தில் குடியிருந்து, கொண்டு கொடுத்து, அடுக்களை வழியாக நுழைந்த சொற்கள். 'ரிசீவ்', 'அப்டெயின்', 'அக்வயர்', 'ப்ரொக்யூர்' அப்படியல்ல. 1066இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆட்சியும் நீதிமன்றமும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன. அந்த வாசல் வழியாக வந்த சொற்கள் இன்றும் கோப்பு வாசனையோடுதான் இருக்கின்றன. நமக்கு இது புதிதில்லை. ரேஷன் கடையில் நாம் அரிசி வாங்குகிறோம். அரசாணையில் அதே அரிசியைப் பயனாளிகள் 'பெறுகிறார்கள்'.

'பெறு' என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழில் பரிசு பெறுவதும் பிள்ளை பெறுவதும் ஒரே வினை. பெற்றோர், மகப்பேறு எல்லாம் அந்த வேர்தான். ஆங்கிலத்திலும் அப்படியே. பிள்ளை பெறுவதைக் குறிக்கும் பழைய சொல் 'பிகெட்'. அதற்குள் 'கெட்' உட்கார்ந்திருக்கிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் ஆபிரகாம் ஈசாக்கை 'பிகேட்' என்று, அதாவது 'பிகெட்'டின் பழைய இறந்தகால வடிவில், இருக்கும். தமிழ் பைபிளில் 'ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்'. மொழிபெயர்த்தவர்கள் தேடி அலைந்திருக்க மாட்டார்கள். 'ஃபர்கெட்' என்பதும் இதே குடும்பம். பிடித்து வைத்திருந்ததை விட்டுவிடுவது, அதாவது மறப்பது.

இன்னும் பின்னால் போனால் 'கெட்'டின் வேர் பற்றிப் பிடிப்பதைக் குறித்த மிகப் பழைய வேர். அதே வேரிலிருந்து லத்தீனில் 'ப்ரெஹெண்டெரெ' என்று ஒரு வினை வந்தது, அதிலிருந்து 'காம்ப்ரிஹெண்ட்' வந்தது. ஆகவே ஒருவர் 'ஐ காட் இட்' என்று சொல்வதும் இன்னொருவர் பந்தாவாக 'ஐ காம்ப்ரிஹெண்டட் இட்' என்று சொல்வதும் அடியில் ஒன்றுதான். நாமும் 'எனக்கு ஒண்ணும் பிடிபடலை' என்கிறோம். விஷயத்தைக் கையால் பிடிப்பது போலத்தான் மூன்று பேச்சிலும் அறிவு வேலை செய்கிறது.

சரி, அந்தப் 'புரி' என்ற 'கெட்'டுக்கு இணைச்சொற்கள்: பொதுவாக 'அண்டர்ஸ்டாண்ட்', சொல்பவரைப் பின்தொடர முடிகிறதா என்றால் 'ஃபாலோ', கடினமானதை உள்வாங்கினால் 'க்ராஸ்ப்', காதில் சரியாக விழுந்ததா என்றால் 'கேட்ச்'. நம் ஊர் வகுப்புகளிலும் கூட்டங்களிலும் 'ஆர் யூ கெட்டிங் மீ?' என்று கேட்பது வழக்கம். நமக்குள் பிரச்சினை இல்லை. வெளிநாட்டவரிடம் கேட்டால் ஒரு கணம் விழிப்பார். 'டஸ் தட் மேக் சென்ஸ்?' என்று கேளுங்கள். புரியாவிட்டால் பழி கேட்பவர் மேல் விழாமல் சொன்னவர் மேல் விழும், அதனால் மரியாதையும் கூட.

அடுத்தது 'ஆகு'. 'இட் இஸ் கெட்டிங் லேட்', நேரமாகிறது. 'ஹி காட் ஆங்ரி', கோபமாகிவிட்டார். இந்த இடத்தில் எல்லாரும் 'பிகம்' என்று எழுதிவிடுகிறார்கள். தவறில்லை, ஆனால் ஆங்கிலம் இங்கே நுணுக்கமாக இருக்கும். மெதுவாக ஆவது 'க்ரோ': வயதாவது, பொறுமை குறைவது. நிறமோ தன்மையோ சட்டென மாறுவது 'டர்ன்': முகம் வெளுத்தது, இலை மஞ்சளானது. கெடுதலாகப் போவது 'கோ': தலை வழுக்கையானது, பால் திரிந்தது, பைத்தியம் பிடித்தது. இந்தக் கடைசி ஒன்றில் தமிழும் ஆங்கிலமும் கைகோத்து நிற்கின்றன. நாமும் கெட்டுப்'போச்சு', ஊசிப்'போச்சு', நொந்து'போனேன்' என்று 'போ'வைத்தான் சேர்க்கிறோம். 'திரிந்துபோனது' என்று தமிழில் வந்தால் அங்கே 'கோ' போடலாம், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நோய்க்கு இன்னொரு வழி. தமிழில் காய்ச்சல் வருகிறது, சளி பிடிக்கிறது, அம்மை போடுகிறது. ஒட்டிக்கொள்வது என்றால் 'கேட்ச்', உடம்பு மெல்லச் சாய்ந்து படுப்பது போல 'கம் டவுன் வித்', மருத்துவ அறிக்கையில் 'காண்ட்ராக்ட்'. அந்த என் விடுப்புக் கடிதத்துக்கு 'ஐ ஹேவ் எ ஃபீவர்' என்ற நான்கு சொல் போதும். 'சஃபரிங் ஃப்ரம்' கூடத் தேவையில்லை.

போய்ச் சேரும் 'கெட்'டில் அர்த்தத்தைவிட இலக்கணம்தான் காலை வாரும். 'கெட்' பின்னால் 'டு' கேட்கும், 'ரீச்' கேட்காது, 'அரைவ்' பின்னால் 'அட்' அல்லது 'இன்' வரும். 'ஐ ரீச்ட் டு மதுரை' என்று எழுதுவது நம்மவர்களின் நிரந்தரத் தவறு. 'கெட்'டுக்குள்ளும் ஒரு விலக்கு உண்டு: வீடு, இங்கே, அங்கே என்று வந்தால் 'டு' கிடையாது. 'கெட் ஹோம்'தான்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. இணைச்சொல் தேடக் கூடாத இடங்கள்.

'ஐ கட் மை ஹேர்' என்று திங்கள்கிழமை அலுவலகத்தில் சொன்னால், கண்ணாடி முன் நின்று நீங்களே கத்தரியைப் பிடித்ததாக அர்த்தம். தமிழில் 'முடி வெட்டிக்கிட்டேன்' என்கிறோம். அந்தக் 'கொள்' என்ற துணைவினை, பலன் எனக்கு என்பதைச் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது; வேலையைச் செய்தது வேறொருவர் என்பதைக் கேட்பவர் புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் அந்தக் 'கொள்'ளின் வேலையைச் செய்வது 'கெட்': 'ஐ காட் மை ஹேர் கட்'. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுச் சரிபண்ணினால் 'ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்'. இங்கே 'ஹேவ்' போடலாம், வேறு எதுவும் ஒத்துவராது. ஆள் நடுவில் வந்தால் 'ஹேவ்', 'கெட்' இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 'ஐ ஹேட் ஹிம் சைன் இட்' என்றால் சொன்னேன், போட்டார். 'ஐ காட் ஹிம் டு சைன் இட்' என்றால் பேசி, தாஜா பண்ணிப் போட வைத்தேன்.

செயப்பாட்டு 'கெட்'டும் அப்படித்தான். 'ஹி காட் ஸ்கோல்டட்', திட்டு வாங்கினான். 'ஹி காட் பீட்டன்', அடி வாங்கினான், உதை வாங்கினான். கையில் எதையும் வாங்காமலே 'வாங்கினான்' என்று நாமும் சொல்கிறோமே! 'வாஸ் ஸ்கோல்டட்' என்று எழுதினால் செய்தி போய்ச் சேரும், ஆனால் 'நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்' என்ற ருசி போய்விடும். கல்யாணத்தில் இந்த வித்தியாசம் அவசியமே ஆகிவிடுகிறது. 'காட் மேரீட்' என்றால் கல்யாணம் நடந்தது. 'வாஸ் மேரீட்' என்றால் அப்போது ஏற்கெனவே கல்யாணமானவர் என்றும் படலாம். ஒரு விஷயம், 'மேரீட் வித்' என்று எழுதாதீர்கள், 'டு'தான்.

'ஐ காட் டு ஸீ ஹிம்', 'ஐ'வ் காட் டு ஸீ ஹிம்' இரண்டையும் பாருங்கள். முதலாவது 'அவரைப் பார்க்கக் கிடைத்தது', கொடுத்து வைத்தேன் என்ற சந்தோஷம். இரண்டாவது 'அவரைப் பார்த்தே ஆகணும்', கட்டாயம். நடுவில் ஒரு மூச்சு 'வ்', அதையும் பேச்சில் விழுங்கிவிடுவார்கள். முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அமெரிக்கர்களுடன் வேலை செய்பவர்களுக்கு 'காட்டன்' என்ற வடிவமும் காதில் விழும். ஜவுளிக்கடைக் காட்டன் இல்லை, 'கெட்'டின் பழைய 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்', அதாவது 'ஹேவ்' பின்னால் வரும் வடிவம். பிரிட்டனில் அது வழக்கொழிந்து, 'இல்-காட்டன் கெயின்ஸ்' என்ற முறையற்ற பணத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் உயிரோடு இருக்கிறது, வேலையும் செய்கிறது. 'ஐ'வ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது. 'ஐ'வ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கியாயிற்று.

'கெட்'டோடு 'அப்', 'ஓவர்', 'அலாங்' எல்லாம் சேர்ந்து வரும் கூட்டம் பெரியது, அகராதியைப் புரட்டினால் கிடைக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாம் 'கெட் டவுன்' என்கிறோம், 'இறங்கு' என்பதில் கீழே என்ற திசை இருப்பதால். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அது 'கெட் ஆஃப்'. 'கெட் டவுன்!' என்று கத்தினால் மரத்திலிருந்து இறங்கச் சொல்கிறார்கள், அல்லது தலைக்கு மேல் ஏதோ வருகிறது, குனி என்கிறார்கள். எழுந்து நின்று நடமாடக்கூடிய பஸ், ரயில், விமானம் என்றால் 'ஆன்', 'ஆஃப்'. குனிந்து உள்ளே நுழைய வேண்டிய கார், ஆட்டோ என்றால் 'இன்', 'அவுட் ஆஃப்'. இலங்கை ஆங்கிலத்தில் 'கெட் டவுன்' இன்னொரு வேலையும் செய்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு சாமானை வரவழைப்பதையும் அங்கே அப்படிச் சொல்வார்கள். இறக்குமதியில் இருக்கும் 'இறக்கு' நினைவுக்கு வருகிறது.

இப்போது அந்த மின்னஞ்சலுக்கு வருவோம். முதல் 'காட்': மெயிலை ஒருவர் அனுப்பினார், வந்து சேர்ந்தது. ஆகவே 'ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் மெயில்'. இரண்டாவது: சான்றிதழை அலைந்து திரிந்து வாங்க வேண்டும் என்றால் 'அப்டெயின்'. பக்கத்து அறை பீரோவில் ஏற்கெனவே இருக்கிறது, எடுத்துக் கொடுத்தால் போதும் என்றால் 'அப்டெயின்' பொய்யாகிவிடும், 'ஃபைண்ட்' என்றோ நேரே 'செண்ட்' என்றோ எழுதுங்கள். மூன்றாவது 'கெட் பேக் டு யூ' அப்படியே இருக்கட்டும். விசாரித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்பதை 'ரிப்ளை' முழுதாகச் சொல்லாது, 'ரிவர்ட்' என்றால் நம் நாட்டுக்கு வெளியே பலருக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் படும். மேலாளர் அதற்கும் வட்டம் போட்டால், அவரே அனுப்பிய பழைய மெயில்களைத் தேடிப் பாருங்கள். நாலைந்து 'கெட் பேக் டு யூ'வாவது இருக்கும்.